பேய்ஸியப் புள்ளியியல்: எந்த நூலில் தொடங்குவது?

முன்னறிவை நிகழ்தகவாக எழுதி, தரவைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ளும் முறையே பேய்ஸியப் புள்ளியியல். அதற்கான நூலை வாங்கும் முன், நிகழ்தகவும் தொகையீடும் உங்களுக்கு எவ்வளவு கைவந்துள்ளன என்பதை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரிந்தும் கணிதத்தில் தயங்குபவர்கள் ரிச்சர்ட் மெக்எல்ரீத்தின் ‘ஸ்டாடிஸ்டிக்கல் ரீதிங்கிங்’ நூலின் இரண்டாம் பதிப்பில் (2020) தொடங்கலாம். அதிலுள்ள ஆர் (R) நிரல்மொழிப் பயிற்சிகளைச் செய்யாமல் வெறுமனே வாசித்துச் சென்றால் பயன் சிறிதே. ஆண்ட்ரூ கெல்மன் குழுவினரின் ‘பேய்ஸியன் டேட்டா அனாலிசிஸ்’ (மூன்றாம் பதிப்பு, 2013) மிக ஆழமானது என்றாலும், பலரும் பரிந்துரைக்கிறார்கள் என்பதற்காக அதையே முதல் நூலாகக் கொள்வது, என் கருத்தில், பொருத்தமன்று; படிநிலை மாதிரிகளை (தரவிலுள்ள குழுக்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கணிக்கும் மாதிரிகளை) ஓரளவு கையாண்ட பிறகு அதைத் திறப்பதே நல்லது. எந்த நூலாயினும், முன்பரவலை (தரவைப் பார்க்கும் முன் நாம் கொள்ளும் நிகழ்தகவுப் பரவலை) எவ்வாறு தேர்வது, மார்க்கோவ் சங்கிலி மான்டி கார்லோ கணக்கீடு (தற்செயலாக எடுக்கும் மதிப்புகளைக் கொண்டு விடையைத் தோராயமாகக் காணும் முறை) நிலையான விடையில் ஒருங்கியதா என எவ்வாறு சோதிப்பது, மாதிரி தரவோடு பொருந்துகிறதா என எவ்வாறு அறிவது ஆகியவற்றை அது விளக்குகிறதா என்று பொருளடக்கத்தைப் பார்த்தே முடிவெடுங்கள்.