வீட்டில் சாறு பிழிய ஆரஞ்சுப் பழம் தேர்ந்தெடுப்பது எப்படி?

தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருக்கும் ஆரஞ்சுகளில் நிறம் நன்றாக ஏறிய, பெரிய, பளபளப்பான பழங்களாகப் பொறுக்கி எடுத்து வந்து, வீட்டில் பிழிந்து பார்த்தால் அரை டம்ளர்கூடத் தேறாமல் போன அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். உரித்துச் சாப்பிட நல்ல பழம் வேறு, பிழிய நல்ல பழம் வேறு. சாப்பிடும் பழத்துக்குத் தோல் எளிதாகக் கழன்று வருவதும் சுளை பெரிதாக இருப்பதும் சிறப்பு. பிழியும் பழத்துக்கோ தோல் மெலிந்து, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் சதை இறுகி நிறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது குணம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் கடைகளில் ‘ஆரஞ்சு’ என்று விற்பவற்றில் இரண்டு வேறு இனங்கள் இருக்கின்றன. கமலா ஆரஞ்சு என்று நாம் சொல்லும் நாக்பூர்ப் பழம், குடகு ஆரஞ்சு, கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் விளையும் மலை ஆரஞ்சு ஆகியவை மாண்டரின் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தோல் சதையோடு ஒட்டாமல், அளவு பெரிதாகத் தைத்த சட்டையைப் போலத் தளர்ந்து நிற்கும். எகிப்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பெட்டிகளில் வந்து இறங்கும் வாலன்சியா, நேவல் போன்றவை இனிப்பு ஆரஞ்சு இனம். இவற்றின் தோல் சதையை இறுகப் பற்றியிருக்கும். நாம் எலுமிச்சைக்கு நெருங்கிய சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சாத்துக்குடியும் தாவரவியல் கணக்கில் இந்த இனிப்பு ஆரஞ்சு இனம்தான். ஆகவே ஆரஞ்சுச் சாறு வேண்டும் என்று கடைக்குப் போகிறவர் சாத்துக்குடிக் குவியலைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

எந்த இனமானாலும் சோதனை ஒன்றுதான். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள இரண்டு பழங்களை எடுத்து, உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து, மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒன்று கல்லைப் போலக் கையை அழுத்தும். மற்றொன்று பார்வைக்கு அதே அளவில் இருந்தும், ஏதோ குறைவது போலத் தோன்றும். கனமானதைக் கூடையில் போட்டுவிட்டு, லேசானதை வைத்த இடத்தில் அடுத்த பழத்தை எடுத்து ஒப்பிடுங்கள். நான்கைந்து பழங்களுக்குள் கை பழகிவிடும். பிறகு ஒற்றைப் பழத்தைத் தூக்கினாலே தெரிந்துவிடும். பழத்தின் கனத்தில் பெரும்பங்கு சாறுதான் என்பதால், இந்தச் சோதனை ஏமாற்றுவது அரிது.

பெரிய பழத்தின் மீது பலருக்கு இருக்கும் ஆசையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மரத்தில் அளவுக்கு மீறிப் பருத்த பழங்களிலும், பறிக்கும் பருவம் தாண்டி மரத்திலேயே நின்ற பழங்களிலும், சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகள் சில நேரம் கெட்டிப்பட்டு, வெளிறி, அரிசி மணி போல உலர்ந்துவிடும். வெளித்தோலில் இதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அறுத்த பிறகுதான் தெரியும். நடுத்தர அளவுப் பழங்களில் இந்தத் தொல்லை குறைவு. தெருமுனைச் சாற்றுக்கடைக்காரர்கள் பெரிய பழத்தை விட்டுவிட்டுச் சிறியதும் நடுத்தரமுமான சாத்துக்குடிகளை மூட்டையாக வாங்குவதற்கு விலை ஒரு காரணம் என்றாலும், அது மட்டுமே காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

கனத்துக்கு அடுத்தது தோல். இனிப்பு ஆரஞ்சிலும் சாத்துக்குடியிலும் தோல் வழவழப்பாக, துளைகள் நுணுக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் மெல்லிய தோல். மேடும் பள்ளமுமாகச் சொரசொரவென்று, காம்புப் பக்கம் கழுத்து போலத் தூக்கிக்கொண்டிருக்கும் பழத்தில் நீங்கள் காசு கொடுப்பது தோலுக்கு. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால், சற்றே அமுங்கி உடனே நிமிர வேண்டும். அமுங்கிய குழி அப்படியே நின்றால் அங்கே அழுகல் தொடங்கிவிட்டது. கமலா ஆரஞ்சில் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்றாலும், அழுத்தும்போது உள்ளே காற்றுப்பை இருப்பது போலப் ‘பொத்’தென்று உள்வாங்கும் பழம் சாற்றுக்கு உதவாது. காம்பு விழுந்த இடத்தையும் பாருங்கள். அங்கே பச்சைக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தால் பழம் பறித்து அதிக நாளாகவில்லை. குமிழ் கறுத்துச் சுருங்கியிருந்தாலோ, அதைச் சுற்றி மெத்தென்று இருந்தாலோ விட்டுவிடலாம். தோலின் மேல் இருக்கும் பழுப்புத் தழும்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். காற்றில் கிளை உரசியதும் சிறு பூச்சிகள் இளங்காயில் சுரண்டியதும் விட்டுச் சென்ற வடுக்கள் அவை; சாற்றின் சுவையைத் தொடுவதில்லை, பேரம் பேசுவதற்கு மட்டும் பயன்படும்.

நிறத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் பச்சை மறைந்து பொன்னிறம் வருவதற்கு இரவுக் குளிர் தேவை. வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்களில்தான் நிறம் முழுமையாக ஏறும். நம் சமவெளியிலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விளையும் சாத்துக்குடி உள்ளே நன்றாக முற்றியிருந்தும், வெளியே பசுமஞ்சளாகவே நிற்பது இதனால்தான். வாலன்சியாப் பழமோ மரத்தில் நிறம் ஏறிய பிறகும் வெயில் கூடினால் மறுபடி பச்சை பூசிக்கொள்ளும். ஆனால் இதை வைத்துக்கொண்டு கரும்பச்சையாக, பந்து போலக் கடினமாக இருக்கும் சாத்துக்குடியை வாங்கிவிடாதீர்கள். பச்சை வெளுத்து, ஆங்காங்கே மஞ்சள் படர்ந்து, தோலில் ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். மாம்பழம், வாழைப்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. ஆரஞ்சு இனம் பறித்த பின் பழுப்பதில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாலும், தோல் வாடுமே தவிர, இனிப்பு கூடாது. பறித்த அன்று என்ன சுவையோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். எனவே இரண்டு கிலோவுக்கு மேல் வாங்குவதாக இருந்தால், ஒரு பழத்தை அறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வகையைத் தேர்ந்தெடுப்பது பருவத்தையும் பொறுத்தது. சாத்துக்குடி ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கிடைக்கும். புளிப்பு குறைவு, சாறு தாராளம், குழந்தைகளும் நோயுற்றவர்களும் தயங்காமல் குடிப்பார்கள். அதன் குறை, சற்றுச் சப்பென்று இருப்பதுதான். நாக்பூர்க் கமலா குளிர்காலத்தில் ஒரு முறையும், கோடை தொடங்கும் வேளையில் ஒரு முறையும் சந்தைக்கு வரும். மணமும் புளிப்பும் கலந்த அதன் சாற்றுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பழம் தெரியாது, ஆனால் கிலோவுக்குக் கிடைக்கும் சாறு குறைவு. கின்னோ டிசம்பர் முதல் மார்ச் வரை வரும். கலிபோர்னியாவில் இரண்டு மாண்டரின் வகைகளைக் கலந்து உருவாக்கி 1935-இல் வெளியிட்ட இந்தப் பழம் இன்று பஞ்சாபின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மாண்டரின் இனமாக இருந்தும் தோல் ஓரளவு ஒட்டியிருக்கும், சாறு நிறைய இருக்கும், விதையும் அதே அளவு நிறைய இருக்கும். இறக்குமதிப் பழங்களில் பிழிவதற்கென்றே பெயர் பெற்றது வாலன்சியா.

என் வீட்டில் பெரும்பாலும் மூன்று சாத்துக்குடிக்கு ஒரு கமலா என்ற கணக்கில் கலந்து பிழிகிறோம். சாத்துக்குடி அளவைத் தருகிறது, கமலா மணத்தையும் நிறத்தையும் தருகிறது, சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டியிருப்பதில்லை.

நேவல் பழத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பழத்தின் அடியில் தொப்புள் போன்ற குழியும், அதற்குள் ஒரு குட்டிப் பழமும் இருந்தால் அது நேவல். விதையில்லாத, உரித்துச் சாப்பிட அருமையான பழம். ஒரு முறை, மாலையில் விருந்தினர் வருகிறார்கள் என்று காலையிலேயே நேவல் பழங்களைப் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார். இனிப்புப் போதவில்லை போலும் என்று மேலும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், கசப்பு அசையவில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. முழுப் பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், பிழிந்ததும் சாற்றின் புளிப்போடு சேர்ந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. நேவலில் இது மிகுதி. சாத்துக்குடியிலும் கின்னோவிலும் ஓரளவு உண்டு. ஆகவே பிழிந்து வைத்திருந்து பிறகு குடிக்க வேண்டிய தேவை இருந்தால் வாலன்சியாவை வாங்குங்கள். மற்றவற்றைப் பிழிந்த கையோடு குடித்துவிடுவதே சரி.

அளவுக்கு வருவோம். நல்ல சாத்துக்குடியிலிருந்து அதன் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு சாறு எதிர்பார்க்கலாம். 200 மில்லி டம்ளர் ஒன்றுக்கு நடுத்தரப் பழம் மூன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு இரண்டு கிலோ வாங்கினால் தட்டுப்பாடு வராது. கமலாவுக்கு இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் கருவியும் எந்தப் பழம் வாங்குவது என்பதை முடிவு செய்யும். குமிழ் வைத்த கைப்பிழிவான் மட்டும் இருந்தால் தோல் ஒட்டிய பழங்களே ஏற்றவை. குறுக்கே இரண்டாக அறுத்தால் எல்லாச் சுளைகளும் வாய் திறந்துகொள்ளும், மூன்று நான்கு திருப்பில் சாறு இறங்கிவிடும். வெள்ளைத் தோல் சுரண்டப்படும் அளவுக்கு அழுத்தித் திருப்பினால் கசப்பும் சேர்ந்து இறங்கும். தளர்ந்த தோலுள்ள கமலாவை அப்படி அறுத்துப் பிழிந்தால், கைக்குள் தோல் வழுக்கிக்கொண்டு போவதோடு, தோலின் எண்ணெயும் சாற்றில் தெறித்துக் காரமான நெடியை ஏற்றிவிடும். அதை உரித்து, நாரையும் விதையையும் நீக்கி, மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றி வடிகட்டுவதே நல்லது. விதை ஒன்று அரைபட்டாலும் டம்ளர் முழுவதும் கசக்கும் என்பதால், விதை நிறைந்த கின்னோவை மிக்ஸிக்காக வாங்குவதை நான் நிறுத்தியே விட்டேன். அதைப் பிழிவானில் பிழிவதுதான் எளிது. எந்த வழியானாலும், குளிரில் இருந்த பழத்தை அரை மணி நேரம் வெளியே வைத்து, மேடையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு அறுத்தால் கூடுதலாகச் சாறு வரும். அறுப்பதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் இருக்கும் அழுக்கையும் இறக்குமதிப் பழத்தின் மெழுகையும் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

மீதமான பழங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையிலோ திறந்த கூடையிலோ ஒரு வாரம் வெளியே இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் சாத்துக்குடி இரண்டு வாரத்துக்கு மேலும் தாங்கும், கமலா அவ்வளவு தாங்காது. பச்சையாகவோ நீலமாகவோ மாவு படிந்த பழம் ஒன்று கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பிழியலாம் என்று பார்க்காமல் முழுதாக எறிந்துவிடுங்கள். அதை ஒட்டிக் கிடந்த பழங்களைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிழிந்துவிடுங்கள்.