படையை விட்டு வந்த பெண்கள் அயவாஸ்கா, காளான் ரிட்ரீட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் படைப்பணி முடித்து வெளியே வந்த பெண்கள் சுமார் 20 லட்சம் பேர். பணிக்காலத்தில் பாலியல் வன்முறையோ தொல்லையோ நடந்ததா என்று முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.வின் மருத்துவமனைகளில் கேட்கும்போது, மூன்றில் ஒரு பெண் ஆம் என்கிறார். செய்தவர் பெரும்பாலும் எதிரிப் படையைச் சேர்ந்தவர் அல்ல. கூடவே பணிசெய்தவர், சில சமயம் உத்தரவு போடும் இடத்தில் இருந்தவர். அந்தக் காயத்துக்கு மருந்தாக, மாயக்காட்சி தரும் அயவாஸ்கா கஷாயம், காளான் போன்றவற்றைச் சடங்காகத் தரும் தங்குமுகாம்களை (ரிட்ரீட்) தேடிப் பெரு, ஜமைக்கா, மெக்சிகோ, ஆரிகன் என்று கிளம்பும் பெண்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறோம்.

எந்தச் செடி என்பது இரண்டாவது கேள்வி. எந்த இடம், எந்த மனிதர்கள் என்பதே முதல் கேள்வி. இருட்டு, படுத்த நிலை, தன் வசத்தில் இல்லாத உடம்பு, பக்கத்தில் அதிகாரமுள்ள ஓர் ஆண்: பல பெண்களுக்குக் காயம் பட்டதே இப்படியொரு சூழலில்தான். சடங்கு நடக்கும் இரவிலும் இதே நான்கும் சேர்ந்திருக்கும். நீங்கள் ‘வேண்டாம்’ என்றதும் எல்லாம் நின்றுவிடும் இடமாக அது இல்லாவிட்டால், மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தச் செடிகளில் எதற்கும் பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன பாதிப்பு) சிகிச்சைக்கென்று அமெரிக்க மருந்து ஆணையத்தின் அனுமதி கிடையாது. செயற்கை மருந்தான எம்டிஎம்ஏவையும் 2024 ஆகஸ்டில் அந்த ஆணையம் ஏற்க மறுத்தது. பணிக்காலப் பாலியல் வன்முறைக்கான சிகிச்சை வி.ஏ.வில் இலவசம். அப்போது புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை, ஆவணமும் கேட்கமாட்டார்கள். காயத்தைப் பற்றிய எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சை சுமார் 12 அமர்வுகளில் முடியும். ஒதுக்கிவைத்த நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பி.இ. சிகிச்சைக்கு 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். இவற்றில் ஒன்றைக்கூட முயன்று பார்க்காமல் நேரே அமேசானுக்கு டிக்கெட் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முயன்று பலன் கிடைக்காதவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

எது, எங்கே

சட்டத்துக்கு உட்பட்டு, வீட்டுக்கு அருகிலேயே கிடைப்பது ஆரிகன் மாநிலத்தின் சைலோசிபின் (மாயக்காட்சி தரும் காளானில் உள்ள பொருள்) மையங்கள். 2020 வாக்கெடுப்பில் வழி பிறந்தது, 2023இல் மையங்கள் திறந்தன. வயது 21 ஆகியிருக்க வேண்டும். முதலில் ஒரு தயாரிப்பு அமர்வு கட்டாயம். ஓர் அமர்வில் அதிகபட்சம் 50 மில்லிகிராம் சைலோசிபின். காளானை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கடந்த 30 நாளில், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுத்திருந்தால் சேர்க்கமாட்டார்கள். லித்தியத்தோடு சைலோசிபின் சேரும்போது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருப்பதால் இந்த விதி சரியானதுதான். கொலராடோவிலும் 2022 வாக்கெடுப்புக்குப் பின் இப்படியொரு ஏற்பாடு வந்திருக்கிறது. ஜமைக்காவில் காளானுக்குத் தடைச் சட்டம் இல்லை. நெதர்லாந்தில் 2008 இறுதியில் காளானைத் தடைசெய்தார்கள், நிலத்தடியில் விளையும் அதன் கிழங்கு போன்ற ட்ரஃபிள் மட்டும் விற்பனையில் இருக்கிறது.

அயவாஸ்கா என்றால் பெரு. அங்கே பழங்குடியினரின் அயவாஸ்கா மரபை 2008இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு மரபுக்குக் கிடைத்த மரியாதை. இகிடோஸ் நகரை ஒட்டிய காட்டுக்குள் பலகை மாட்டியிருக்கும் மையத்துக்குக் கொடுத்த தரச்சான்று ஆகாது.

மெக்சிகோவில் இபோகெய்ன் கிடைக்கிறது. இது காபோன் நாட்டு இபோகா செடியின் வேர்ப்பட்டையிலிருந்து வருவது. இதைப் பற்றி உற்சாகமாகப் பேசுவோர் 2024 ஜனவரியில் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைக் காட்டுவார்கள். அதில் பங்கேற்ற 30 பேரும் ஆண்கள், சிறப்புப் படையினர். இபோகெய்ன் இதயத்தின் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னளவில் இயங்கி மீள ஆகும் நேரத்தை, நீட்டும், அது மிகையானால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். பெண்களுக்கு அந்த இடைவெளி இயல்பிலேயே ஆண்களைவிடச் சற்று நீளம். மருந்துகளால் வரும் இந்த வகைத் துடிப்புக் கோளாறும் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆகவே 12 லீட் ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் அளவு, இரவு பகலாக ஓடும் இதய மானிட்டர், மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டீஃபிப்ரிலேட்டர், அதை இயக்கத் தெரிந்த மருத்துவர் ஆகிய எல்லாம் இருந்தால் மட்டுமே யோசியுங்கள். க்யூ.டி.சி (துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திக் கணக்கிட்ட க்யூ.டி.) 460 மில்லிசெகண்டைத் தாண்டினால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

மாத்திரைகள்: விபரீதம் தொடங்கும் இடம்

அயவாஸ்கா இரண்டு செடிகளின் கஷாயம். சக்ருனா இலையில் மாயக்காட்சி தரும் டிஎம்டி இருக்கிறது. அதை மட்டும் குடித்தால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள எம்.ஏ.ஓ. நொதி சிதைத்துவிடும். இரண்டாவது செடியான அயவாஸ்கா கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் அந்த நொதியை முடக்குவதால்தான் கஷாயம் வேலை செய்கிறது. மூளையின் வேதிப்பொருளான செரோடோனினைக் கூட்டும் மாத்திரை உடம்பில் இருக்கும்போது இதே முடக்கம் நடந்தால் செரோடோனின் எல்லை மீறும். காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம் எனத் தொடங்கி மரணம்வரை போகலாம்.

பிடிஎஸ்டிக்கு அனுமதி பெற்ற செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் இரண்டுமே இந்த வகை மாத்திரைகள். வென்லாஃபாக்சினும் அப்படியே. முதுகுவலிக்குக் கொடுக்கும் டிராமடாலையும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் இருமல் மருந்தின் டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபானையும், ‘இயற்கை’ என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டையும் பலர் பட்டியலில் எழுதவே மறந்துவிடுகிறார்கள். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.ஏ.ஓ. முடக்கிகளைத் தொடங்கும் முன் செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் போன்றவற்றுக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 2 வாரமும், உடம்பில் நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு 5 வாரமும் இடைவெளி விட வேண்டும். படிப்படியாகக் குறைத்து முடித்த பிறகுதான் இந்த நாட்கணக்கு தொடங்கும். குறைப்பதற்கே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். பயணத் தேதியை முதலில் குறித்துவிட்டு மாத்திரையை அவசரமாக நிறுத்துவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. பாராக்ஸெட்டினையும் வென்லாஃபாக்சினையும் சட்டென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உதறல், தூக்கமின்மை வரும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் திரும்பும். மாத்திரை இல்லாமல் நாலு வாரம் நிலையாக இருக்க முடிகிறதா என்று பாருங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள். குறைக்கும்போது நிலைகுலைந்தால், மாத்திரைக்குத் திரும்புவதே சரி. அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால், அந்த மையத்துக்குப் போகாதீர்கள்.

பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் யாருக்காவது மனச்சிதைவு, உங்களுக்கு பைபோலார் என்ற மனநிலை ஏற்ற இறக்க நோய், கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குண்டுவெடிப்பில் பட்ட தலைக்காயம்: எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். சேர்க்கமாட்டார்களோ என்று மறைத்தால், காட்டுக்குள் உங்களைக் காப்பாற்ற வேண்டியவர்கள் எது தெரியாமல் தவிப்பார்களோ அதையே மறைக்கிறீர்கள்.

பெருவில் மலேரியா மாத்திரை தேவைப்படும் பகுதிகள் உண்டு. மெஃப்ளோகுயின் வேண்டாம் என்று பயண மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அமெரிக்கப் படையினருக்குப் பரவலாகக் கொடுத்த மருந்து அது. அதன் மன, நரம்பு விளைவுகளுக்காக 2013இல் மருந்து ஆணையம் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டியிலேயே போடவைத்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மையத்திடம் கேட்க வேண்டியவை

மின்னஞ்சலில் கேட்காதீர்கள், வீடியோ அழைப்பில் கேளுங்கள். பதிலைவிட, கேட்டதும் முகம் எப்படி மாறுகிறது என்பது முக்கியம்.

சடங்கின்போது யார் உங்களைத் தொடலாம், எங்கே, எப்படி அனுமதி கேட்பார்கள்? பெருவின் ஷிபிபோ பழங்குடியினர் முறையில் உச்சந்தலையில் வாயை வைத்துப் புகையிலைப் புகை ஊதுவதும், வாசனைத் தண்ணீர் தெளிப்பதும் வழக்கம். முன்னறிவிப்பில்லாமல் இருட்டில் ஓர் ஆண் அப்படி நெருங்கினால் உங்கள் உடம்பு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சம்மதத்தை மருந்து குடிக்கும் முன்பே, பகலில், தெளிவாக இருக்கும்போது முடிவுசெய்ய வேண்டும். குடித்தபின் தரும் புதிய சம்மதம் செல்லாது. முன்பு ஒப்புக்கொண்டதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இந்த இரண்டு விதிகளையும் தாங்களாகவே சொல்லும் மையம் நல்ல மையம். ‘மாஸ்டரை (சடங்கு நடத்துபவரை) நம்புங்கள், எதிர்ப்பு காட்டினால் மருந்து வேலை செய்யாது’ என்று பேசினால் அழைப்பை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அயவாஸ்கா வட்டாரங்களில் வழிநடத்துவோர் செய்த பாலியல் அத்துமீறல்கள் பதிவாகியிருக்கின்றன.

பெண்கள் மட்டும் என்று விளம்பரம் செய்பவர்களிடமும் கேளுங்கள்: இரவில் காவல் நிற்பவர், படகோட்டி, சடங்கு நடத்துபவர் யார் யார்? ஷிபிபோ மக்களிடையே பெண் வைத்தியர்களும் உண்டு, ஆகவே பெண்ணை வைத்து நடத்துவது முடியாத காரியம் அல்ல. நாலு பேருக்கு ஒருவராவது முழு விழிப்போடு கவனிக்க வேண்டும். அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம், கூட வருபவர் யார் என்பதெல்லாம் அற்பக் கேள்விகள் அல்ல.

கஷாயத்தில் வேறு என்ன சேர்க்கிறார்கள்? தோயே என்ற செடி கலந்தால் அது வேறொரு விஷம். நாட்கணக்கில் பிதற்றல் வரும், நடந்தது நினைவிருக்காது. தவளை நஞ்சான கம்போவையும் அதே வாரத்தில் சேர்த்து விற்கும் தொகுப்பைத் தவிருங்கள். பக்கத்து மருத்துவமனைக்குப் படகில் எத்தனை மணி நேரம், சாட்டிலைட் போன் உண்டா என்றும் கேளுங்கள்.

பெண் உடம்புக்கான குறிப்புகள்

கர்ப்பம் இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ போகக் கூடாது. கிளம்பும் முன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை கணக்கில் வராது. அயவாஸ்கா இரவில் வாந்தி ஏறக்குறைய நிச்சயம் என்பதால், மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மாதவிடாயில் இருக்கும் பெண்ணைச் சடங்கில் சேர்க்காத வைத்தியர்கள் உண்டு. பணம் கட்டும் முன்பே கேட்டால், அங்கே போய் அவமானப்பட வேண்டியிருக்காது. உணவுக் கோளாறு இருந்தவர்களுக்கு உப்பில்லாப் பத்தியமும் பட்டினியும் பழைய நோயைக் கிளறும் என்பதால், பத்தியத்தைத் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். குறைந்தது பத்து ஓஆர்எஸ் பொட்டலங்கள் பையில் இருக்கட்டும்.

அந்த இரவு

முதல் இரவில் அரைக் கோப்பையே போதும். கஷாயத்தின் வீரியம் அடுப்புக்கு அடுப்பு மாறும். மருந்து ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம், மொத்தம் 4 முதல் 6 மணி நேரம். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று 40ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோப்பை கேட்பதால் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வாசலுக்கு அருகில், சுவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி பாயைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கையை உயர்த்தினால் குறிப்பிட்ட பெண் உதவியாளர் மட்டும் வர வேண்டும் என்று பேசி வையுங்கள்.

திரும்பிய பின்

மறுநாளே விமானம் ஏறாதீர்கள், இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். கஷாயத்தையோ பொடியையோ கொண்டுவராதீர்கள், அமெரிக்காவில் டிஎம்டியும் சைலோசிபினும் மிகக் கடுமையான தடைக்கு உட்பட்ட முதல் பட்டியல் போதைப்பொருள்கள். இந்தியாவிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. பகுதிநேரப் படைப்பிரிவுகளான ரிசர்விலோ நேஷனல் கார்டிலோ பெயர் இருந்தால், ரகசிய அனுமதி தேவைப்படும் அரசு வேலை என்றால், கிளம்பும் முன்பே ராணுவச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். பாதுகாப்பு அனுமதிப் படிவம் கடந்த 7 ஆண்டுப் போதைப்பொருள் பயன்பாட்டைக் கேட்கும். வெளிநாட்டில் சட்டப்படி எடுத்தேன் என்பது அங்கே எடுபடும் என்று நம்பியிருக்காதீர்கள்.

தெரபிஸ்டிடம் முதல் மாதத்துக்கு வாரம் ஒரு நேரம் என்று கிளம்பும் முன்பே பதிந்து வையுங்கள். முதல் வாரம் லேசாக, தெளிவாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பலருக்குச் சரிவு வருகிறது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு அதுவே ஆபத்தான நேரம். விவாகரத்து, வேலையை விடுதல், குற்றம் செய்தவரை நேரில் எதிர்கொள்ளுதல் எதையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். இதுவரை இல்லாத நினைவு ஒன்று எழுந்தால் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையாக இருக்கலாம், மருந்து நிலையில் மனம் புனைந்ததாகவும் இருக்கலாம். தெரபிஸ்டோடு பேசாமல் வி.ஏ. இழப்பீட்டு மனுவில் அதைச் சேர்க்காதீர்கள். நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்குவது எப்போது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

சரிவு தாங்க முடியாததாக இருந்தால் அமெரிக்காவில் 988 அழைத்து 1 அழுத்துங்கள், முன்னாள் படையினருக்கான நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும். மையத்தில் யாராவது அத்துமீறியிருந்தால், குளிக்காமல், உடைகளைத் துவைக்காமல் கூடிய சீக்கிரம் மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள், தூதரகத்துக்குத் தகவல் கொடுங்கள். மருந்து குடித்திருந்தீர்கள் என்பதால் உங்கள் புகாரின் எடை குறையாது.