சூடானால் மட்டும் போதாது: பழைய எஸ்பிரசோ மெஷினை விற்குமுன் செய்யக்கூடாத தவறுகள்

காபிக் கடையில் ஓடிய பழைய எஸ்பிரசோ மெஷின் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்ய நினைப்பது ஒன்றுதான். பிளக்கைச் சொருகி, ஓடுகிறதா பார்த்துவிடலாம் என்கிற அவசரம். பாய்லரில் தண்ணீர் இல்லாதபோது ஹீட்டர் எலிமென்ட்டுக்குக் கரண்ட் போனால் அது சில நிமிடங்களிலேயே கருகிவிடும். ரோட்டரி பம்ப் வறட்டுத்தனமாகச் சுற்றினால் உள்ளே இருக்கிற இறக்கைகள் தேய்ந்து அழுத்தம் தராமல் போகும். நல்ல நிலையில் வந்து சேர்ந்த மெஷின் சோதனையிலேயே கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கரண்ட் கொடுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அது என்ன மெஷின் என்று தெரிந்துகொள்வது. முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்பி விளம்பரம் எழுதுவது பெரிய தவறு. விநியோகஸ்தர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்பது உண்டு. பக்கத் தகடுகள் வேறொரு மெஷினிலிருந்து வந்திருக்கலாம். காபி இறங்கும் பகுதியான குரூப் ஹெட்டின் வடிவத்தை வைத்து முடிவு கட்டுவதும் சரிவராது. இ61 என்கிற குரூப்பை 1961-இல் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்தது. அதே அமைப்பைப் பிறகு எத்தனையோ தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குரூப் இருக்கிறது என்பதால் அது ஃபேமா ஆகிவிடாது.

உண்மையைச் சொல்வது விவரத் தகடுதான். சொட்டுத் தட்டைத் தூக்கினால் அதன் பின்னாலோ, அடிச்சட்டத்திலோ, முதுகுப் பக்கத்திலோ இருக்கும். மாடல், வரிசை எண், வோல்ட், வாட், பாய்லர் கொள்ளளவு, அதிகபட்ச அழுத்தம் எல்லாம் அதில் கிடைக்கும். தயாரித்த ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். பிசுக்கைத் துடைத்துவிட்டுத் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காபித் தூளைப் போட்டு குரூப்பில் மாட்டும் கைப்பிடிதான் போர்ட்டாஃபில்டர், அதன் கூடையின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலான கடை மெஷின்களுக்கு 58 மி.மீ., லா ஸ்பாஸியாலே போன்ற சில தயாரிப்புகளுக்கு 53 மி.மீ. இருக்கும். அளவு தவறினால் வாங்குகிறவர் வாங்கி வைக்கும் கூடையும், தூளை அழுத்தும் டாம்பரும் பொருந்தாது.

மேல் தகட்டைத் திறந்து, உள்ளே ஒரே பாய்லரா, காபிக்கும் நீராவிக்கும் தனித்தனியா என்பதையும் பாருங்கள். ஒரே பாய்லருக்குள் ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு குழாய் ஓடினால் அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை, காபிக்கான தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகும்போதே பாய்லரின் சூட்டில் சூடாகும். அந்த வகைக்கு மட்டும் தேவையான சோதனை ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். மிகப் பழைய மெஷினில் பாய்லரைச் சுற்றி வெள்ளை நார்த்துணி இருந்தால் கையால் பிய்க்காதீர்கள், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

மின்சாரத்தில் நடக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை. தகட்டில் த்ரீ பேஸ் என்று இருந்தாலும், டெர்மினலில் இணைப்புப் பட்டைகளை மாற்றிச் சிங்கிள் பேஸில் ஓட்டியிருக்கலாம். இப்போது எப்படி இணைத்திருக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமல் விற்கக் கூடாது. எலிமென்ட்டை மல்டிமீட்டரில் அளப்பது எளிது. 230 வோல்ட்டுக்கு 3,000 வாட் எலிமென்ட் என்றால் ஏறத்தாழ 17.6 ஓம் காட்ட வேண்டும்.

நாள்கணக்கில் சும்மா கிடந்த மெஷின், கரண்ட் கொடுத்ததும், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைத் தட்டிவிடலாம். எலிமென்ட்டின் உள்ளே இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சியிருப்பது ஒரு காரணம். அதைக் காயவைத்து, மின்கசிவைச் சோதிக்கும் கருவியான மெகரில் அளந்து பார்க்க வேண்டும், தேறவில்லை என்றால் மாற்ற வேண்டும். சிலர் எர்த் ஒயரையே கழற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்கிறார்கள். தண்ணீரும் உலோகமும் ஈரக் கையும் சேர்கிற இடம் அது. இதைச் செய்து விற்பவரை என்னால் மன்னிக்க முடியாது. இந்த வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு தண்ணீர். பல மெஷின்களில் சுவிட்சின் முதல் நிலை பம்ப்புக்கும் நிரப்புவதற்கும், இரண்டாம் நிலை சூடாக்குவதற்கும். முதல் நிலையில் வைத்து, பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரிந்த பிறகே இரண்டாவதற்குப் போங்கள். அப்படி இரண்டு நிலை இல்லாவிட்டால் எலிமென்ட் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு நிரப்புங்கள்.

இனி அழுத்தமானியின் முள்ளைப் படிப்பது. பாய்லர் அழுத்தம் வேறு, பம்ப் அழுத்தம் வேறு. அழுத்தத்தின் அலகு பார். பாய்லர் 1 முதல் 1.3 பார் வரை நிற்கும், பம்ப் காபி இறங்கும்போது 9 பார் தர வேண்டும். பாய்லர் முள் 1 பாருக்கு வந்துவிட்டது, மெஷின் ‘சூப்பர்’ என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்தாலும் முள் ஏறும். ஸ்டீம் குழாயைத் திறந்ததும் முள் சட்டென்று விழுந்தால் அது பொய் அழுத்தம். அந்தக் காற்றை வெளியே விட வேண்டிய வேக்கம் வால்வு வேலை செய்யவில்லை என்று பொருள்.

அதே வால்வுதான் மெஷின் ஆறும்போது காற்றை உள்ளே விடுகிறது. அது சிக்கிக்கொண்டால் பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகி, பால் பாத்திரத்தில் இருக்கும் ஸ்டீம் குழாய் வழியாகப் பாலையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நீராவியை மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் பாய்லருக்குள் பால் போயிருக்கிறது, கழுவாமல் விற்கக் கூடாது.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் சோதனையை ஐந்து நிமிடத்தில் முடிக்க முடியாது. தண்ணீர் இணைப்பைத் திறந்தே வைத்து, மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் குழாயில் மட்டத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் ஒன்று பாய்லரை நிரப்பும், மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வோ கையால் திறக்கும் நிரப்பு வால்வோ கசிகிறது, இல்லையேல் உள்குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் அழுத்தம் பாய்லரைவிட அதிகம் என்பதால் அது பாய்லருக்குள்ளேயே வழியும். பிரித்தறிய, நிரப்பு வால்விலிருந்து பாய்லருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாய்லர் பக்கத்தை மூடி அடைத்துவிட்டு மறுபடி அழுத்தம் கொடுங்கள். கழற்றிய முனையில் சொட்டினால் வால்வுதான். அங்கே சொட்டாமல் மட்டம் ஏறினால் துளைதான். வால்வு சிறிய வேலை. துளை என்றால் பாய்லரையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே மெஷினின் மதிப்பு தலைகீழாக மாறிவிடும். கடுங்குளிரில் தண்ணீரோடு கிடந்த மெஷினில் உறைந்து வெடித்த குழாயும் இதே அறிகுறியைக் காட்டலாம்.

இதற்கு முன்பே ஆசிட் ஊற்றி, தண்ணீரால் உள்ளே படிந்த உப்பைக் கரைக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். கெட்டிப்பட்ட உப்பு சில நேரம் துளையையே அடைத்துக்கொண்டிருக்கும். கரைத்தால் அது திறந்துகொள்ளும், உதிர்ந்த துணுக்குகள் சிறு வால்வுகளில் போய் அடைத்துக்கொள்ளும். வந்த நிலையிலேயே சோதித்து, கண்டதை எழுதிவைத்த பிறகு சுத்தம் செய்யுங்கள்.

குரூப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டையில்லாத கூடையை மாட்டி பம்ப்பை ஓட்டினால் முள் 9 பாருக்கு அருகே நிற்க வேண்டும், போர்ட்டாஃபில்டர் பொருந்தும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டைச் சுற்றி ஒழுகக் கூடாது. நிறுத்தியதும் ‘புஸ்’ என்று அழுத்தம் கழிவுக் குழாயில் இறங்க வேண்டும். இறங்காத குரூப்பில் போர்ட்டாஃபில்டரைக் கழற்றுகிறவர் கையில் கொதிக்கும் தூள் தெறிக்கும். அளவு பட்டன் தானாக நிற்காமல் விளக்கு சிமிட்டினால், ஓடும் தண்ணீரை அளக்கும் ஃப்ளோமீட்டரைப் பாருங்கள். பாதுகாப்பு வால்வு கசிகிறதென்று அதற்குப் பதில் போல்ட்டை இறுக்கி வைத்திருந்தால், புது வால்வு போடும் வரை அந்த மெஷினைச் சூடாக்கவே கூடாது.

விளம்பரத்தில் ‘ஓடும் நிலையில் கழற்றியது’ என்று எழுதுவதால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. குளிர்ந்த நிலையிலிருந்து அழுத்தம் ஏறுவது வரை வீடியோ, தகட்டின் படம், அளந்த ஓம், இரண்டு முள்களின் அளவு, எதைச் சோதிக்கவில்லை என்ற ஒரு வரி, இவ்வளவும் கொடுங்கள். பாய்லரை வடித்து அனுப்புகிறீர்கள் என்றால், ‘உள்ளே தண்ணீர் இல்லை, நிரப்பாமல் சுவிட்சைப் போடாதீர்கள்’ என்று ஒரு தாளைச் சுவிட்சின் மேலேயே ஒட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் அவரும் முதலில் தேடுவது பிளக்கைத்தான்.