எலும்பு வழி ஊசி: உள்ளே இறங்கிய பிறகு நடக்கும் தவறுகள்

அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், இளம் மருத்துவர்கள் இருவர் மாதிரிக் காலில் ஐ.ஓ. ஊசியை, அதாவது இரத்தக்குழாய் கிடைக்காத அவசரத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் திரவமும் மருந்தும் செலுத்த உதவும் ஊசியை, மிக நேர்த்தியாக இறக்கினார்கள். டிரிப்பை இணைத்ததும் காலைத் துணியால் மூடிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன் என்பதாலும், அன்று ஒரு குழந்தையின் கால் ஏறத்தாழப் பறிபோயிருக்கும் என்பதாலும் இதை எழுதுகிறேன். தோலைத் தூய்மைப்படுத்துதல், முறிந்த எலும்பையும் சீழ்பிடித்த இடத்தையும் தவிர்த்தல் ஆகியவற்றை அனைவரும் அறிவார்கள்; அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எடையை மட்டும் பார்த்து ஊசியைத் தேர்ந்தெடுப்பது

துளைக்கருவியுடன் வரும் ஊசிகள் 15, 25, 45 மில்லிமீட்டர் நீளங்களில் கிடைக்கின்றன. நோயாளியின் எடை ஒரு தொடக்கக் குறிப்புதான். எலும்பின் மேலுள்ள சதையின் தடிமனே முடிவு செய்ய வேண்டியது. ஊசிமுனை தோலைக் கடந்து எலும்பைத் தொட்ட நிலையில், துளையிடத் தொடங்கும் முன், 5 மில்லிமீட்டர் குறிக்கோடு தோலுக்கு வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த ஊசி மஜ்ஜையை எட்டாமல் போகலாம்.

மஜ்ஜை வரவில்லை என்று ஊசியைப் பிடுங்குவது

இழுத்துப் பார்க்கும்போது சிரிஞ்சில் ஒன்றும் வராவிட்டாலும் ஊசி சரியான இடத்தில் இருக்கக்கூடும். ஊசி பிறர் தாங்காமல் எலும்பில் உறுதியாக நிற்கிறதா, சலைன் செலுத்தும்போது சுற்றுப்புறம் வீங்காமல் உள்ளே செல்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 மில்லிலிட்டர் அளவிலும், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாகவும் சலைனை ஒரே மூச்சில் வேகமாகச் செலுத்தி மஜ்ஜையில் வழி திறக்காவிட்டால், நன்றாக இறங்கிய ஊசியிலும் டிரிப் சொட்டுச் சொட்டாகத்தான் ஓடும்.

கெண்டைக்காலைப் பார்க்காமல் விடுவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீரிழப்பால் துவண்டுபோன கைக்குழந்தை ஒன்றுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் மேற்பகுதியில் ஊசி இறக்கினேன். மஜ்ஜை வந்தது, முதல் சிரிஞ்சு சலைனும் எளிதாகச் சென்றது. உடல் குளிர்ந்திருந்ததால் கால்களைப் போர்த்தினோம். மூன்றாவது முறை சலைன் செலுத்தும்போது சிரிஞ்சு சற்று இறுகியதைக் கை உணர்ந்தது. ஆனாலும் அவசரத்தில் இன்னும் பலமாக அழுத்தினேன். சிறிது நேரம் கழித்து ஒரு செவிலியர் போர்வையை விலக்கியபோது, ஊசி நின்ற முன்பக்கம் இயல்பாகவே இருந்தது, கெண்டைக்காலோ மரக்கட்டைபோல் இறுகி, தோல் பளபளத்து வெளிறியிருந்தது. உடனே ஊசியை எடுத்துவிட்டு வேறு வழி தேடினோம். அறுவை சிகிச்சை தேவைப்படாமல் கால் தப்பியது, ஆனால் அதற்கு நான் எந்த வகையிலும் காரணமல்ல.

கைக்குழந்தையின் மஜ்ஜைக்குழி மிகக் குறுகியது. சற்றுக் கூடுதலாக அழுத்தினாலே ஊசிமுனை பின்சுவரைத் துளைத்துவிடும். சரியாக இறங்கிய ஊசியும் நோயாளியை இடம் மாற்றும்போது அசைந்து துளையை அகலமாக்கிவிடலாம். இவ்வாறு கசியும் திரவம் பின்பக்கத் தசைகளுக்கு இடையே தேங்குவதால், முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. விரியாத உறைகளுக்குள் அழுத்தம் ஏறி, தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடும் நிலைதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். அதன் முதல் அடையாளமான கடும் வலியைச் சொல்லும் நிலையில் நம் நோயாளிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறது என்று ஆறுதல் அடையவும் கூடாது, ஏனெனில் தசை அழியத் தொடங்கிய பிறகும் துடிப்பு எஞ்சியிருக்கும். கசிவது நார்அட்ரினலின், கால்சியம் போன்ற மருந்துகளாக இருந்தால், அழுத்தம் ஏறாமலேயே திசு கருகிவிடும்.

ஆகவே முதல் சலைனுக்குப் பிறகும், ஒவ்வொரு மருந்துக்கு முன்பும், நோயாளியை நகர்த்திய ஒவ்வொரு முறையும், இரண்டு கெண்டைக்கால்களையும் கையால் அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் பயில்வோரிடம் வற்புறுத்துகிறேன். காலைப் போர்த்தாதீர்கள். சிரிஞ்சு இறுகினால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டுக் காலைப் பாருங்கள். டிரிப் பையைச் சுற்றி, திரவத்தை விரைவாகத் தள்ளும் அழுத்தப்பையை 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் கட்டிவிட்டு அகலும்போது, கசிவையும் அதே விசையில் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

அதே எலும்பில் இரண்டாவது துளை

முதல் துளை மூடியிருக்காது. இரண்டாவது ஊசியில் செலுத்துவது அதன் வழியே சதைக்குள் வழியும். வேறு எலும்புக்குச் செல்லுங்கள்.

காலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குவது

ஊசி உங்கள் உள்ளங்கையில் வெளிவரும்.

விழித்திருப்பவருக்கு வலிநீக்கி தராமல் செலுத்துவது

ஊசி இறங்கும் வலியைத் தாங்கிக்கொள்பவர்கள்கூட, மஜ்ஜைக்குள் திரவம் பாயும்போது அலறிவிடுவார்கள். ஒவ்வாமை போன்ற தடை இல்லாத பெரியவருக்கு, அட்ரினலின் கலக்காத 2 சதவீத லிக்னோகெய்ன் 40 மில்லிகிராமை 2 நிமிடங்களில் மெதுவாகச் செலுத்தி, ஒரு நிமிடம் காத்திருந்து, பின்னரே சலைனை வேகமாகச் செலுத்த வேண்டும். அவசரம் அந்த 3 நிமிடங்களைத் தரும் போதெல்லாம் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோளில் ஊசி இருக்கும்போது கையைப் பக்கவாட்டில் தூக்குவது

ஊசி வளையும் அல்லது பிடுங்கிக்கொள்ளும். கையை உடலோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.

எடுக்க மறப்பது

ஊசி 24 மணி நேரத்தைத் தாண்டி எலும்பில் இருக்கக்கூடாது. எலும்பில் சீழ்பிடிப்பது அரிது என்றாலும், ஊசி தங்கும் நேரம் நீள நீள அந்த வாய்ப்பு கூடுகிறது. இரத்தக்குழாய் (சிரை) வழி கிடைத்தவுடன், திருகிப் பூட்டும் சிரிஞ்சை ஊசித்தலையில் பொருத்தி, வலஞ்சுழியாகச் சுழற்றியபடி நேராக இழுங்கள். இருபுறமும் ஆட்டினால் ஊசி முறியும். எந்த எலும்பில், எத்தனை மணிக்குத் துளையிட்டீர்கள் என்பதைக் குறிப்பேட்டிலும் நோயாளியின் கையில் கட்டும் பட்டையிலும் எழுதுங்கள், ஏனெனில் அடுத்த 48 மணி நேரத்திற்கு அந்த எலும்பில் வேறு எவரும் ஊசி இறக்கக்கூடாது.