இங்கிலீஷ்ல கமா எங்க வைக்கணும், எங்க வைக்கவே கூடாது

சிம்மக்கல் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வச்சிருக்கேன். மனு, அபிடவிட், பாரின் காலேஜ் அப்ளிகேஷன்னு வெள்ளன ஒக்காந்தா ராத்திரி வரைக்கும் இங்கிலீஷ்ல அடிக்கிறதுதான் பொழப்பு. எழுதிக் கொண்டாந்து குடுக்குறவங்க பேப்பர்ல ஸ்பெல்லிங்க கம்ப்யூட்டரே பாதி திருத்திருது, ஆனா கமா மட்டும் அங்கிட்டும் இங்கிட்டுமா எறைஞ்சு கெடக்கும். அதுக்கு படிப்பு கொறவுன்னு சொல்ல மாட்டேன், நல்லா படிச்ச புள்ளைகளே அப்படித்தான் எழுதுது, ஏன்னா ஸ்கூல்ல நம்ம எல்லாருக்கும் "மூச்சு விடுற எடத்துல கமா வை"ன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. நம்ம மூச்சு விடுறது தமிழ் கணக்குல, எழுதுறது இங்கிலீஷ், அப்புறம் எப்படி சரியா வரும்?

தமிழ்ல பாருங்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் "மல்லியும் பிச்சியும் கனகாம்பரமும் வாங்குனேன்"னா கமாவே தேவையில்ல, "உம்" அந்த வேலைய பாத்துருது. "மழை பெஞ்சா வர மாட்டேன்"னா அந்த "ஆ" பாத்துருது. பழைய ஓலைச்சுவடியில கமாவே கெடையாது, அச்சு வந்தப்பறம் வந்ததுதான். இங்கிலீஷ்ல இப்படி ஒட்டிக்கிற விகுதி கம்மி, அதனால அந்த வேலைய கமா செய்யுது. அப்ப கமாங்கறது மூச்சு இல்ல, வாக்கியத்துல எது எதோட சேரும் எது தனின்னு காட்டுற குறி. இத மனசுல வச்சுக்கிட்டா பாதிக் கொழப்பம் போயிரும்.

மொதல்ல எடுக்க வேண்டிய கமாவ சொல்லிருறேன். மனு எழுதுறவங்க எல்லாரும் "ஐ ஸ்டேட் தட், மை ஃபாதர்..."ன்னு "தட்"டுக்கு அப்புறம் கமா போடுவாங்க. நம்ம "தெரிவிச்சுக்கிறது என்னன்னா"ன்னு சொல்லி நிறுத்துவோம்ல, அந்த நிறுத்தம்தான் அங்க வந்து ஒக்காந்துருக்கு. அது வேணாம், எடுத்துருங்க. அதே மாதிரி "தி லேண்ட் இன் மேலூர் தாலுக், பிலாங்ஸ் டு மை ஃபாதர்"னு எழுதுறாங்க. தமிழ்ல எழுவாய் நீளமா வந்தா அது முடிஞ்ச எடத்துல கமா போடுற பழக்கம் உண்டு, ஆனா இங்கிலீஷ்ல எழுவாயையும் வினையையும் ஒத்தக் கமா பிரிக்கக் கூடாது, எழுவாய் எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி.

அடுத்தது, ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமாவால ஒட்டுறது. "வந்தேன், பாத்தேன், போயிட்டேன்" தமிழ்ல அழகா இருக்கும். "ஐ வென்ட் டு தி ஆபிஸ், தி கிளார்க் வாஸ் நாட் தேர்"னு எழுதுனா இங்கிலீஷ்ல தப்பு. நடுவுல புல் ஸ்டாப் வைங்க, இல்லாட்டி கமாவுக்குப் பெறகு "பட்" சேருங்க. "ஹவ்எவர்" போட்டா பத்தாது, அது "பட்" மாதிரி ஒட்டாது, அதுக்கு முன்னாடி புல் ஸ்டாப் வச்சு, அதுக்கப்புறம் கமா வைக்கணும். ஆனா "ஐ வென்ட் டு தல்லாகுளம் அண்ட் பாட் எ ஸ்டாம்ப்"னு ஒரே ஆளு ரெண்டு வேலை செஞ்சா "அண்ட்"டுக்கு முன்னாடி கமா வேணாம்.

"இஃப்", "வென்", "பிகாஸ்" இதுல வாக்கியம் ஆரம்பிச்சா அந்தப் பகுதி முடியிற எடத்துல கமா. அதையே பின்னாடி தூக்கிப் போட்டா, "ஐ வில் நாட் கம் இஃப் இட் ரெயின்ஸ்", பெரும்பாலும் கமா வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதுல நானே ஒரு தடவ தப்பு பண்ணிருக்கேன். ஒரு பெரியவர் சொத்து விஷயமா அபிடவிட் அடிக்க வந்தாரு, திருமங்கலத்துல இருக்கிற மகனுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதணும். நான் "மை சன், ஹூ லிவ்ஸ் இன் திருமங்கலம், ஹேஸ் நோ அப்ஜெக்‌ஷன்"னு அடிச்சுக் குடுத்துட்டேன். அவருக்கு ரெண்டு மகன், இன்னொருத்தர் கோயம்புத்தூர்ல இருக்காரு. வக்கீலம்மா பாத்துட்டு, "இந்த ரெண்டு கமாவோட படிச்சா இவருக்கு ஒரே மகன்னு அர்த்தம் வருது"ன்னாங்க. கமாவுக்கு நடுவுல இருக்கிறது சும்மா கூடுதல் தகவல்னு ஆயிருது. கமா இல்லாம எழுதுனா எந்த மகன்னு அடையாளம் காட்டுது, அப்ப வேற மகனும் இருக்காருன்னு புரியும். தமிழ்ல "திருமங்கலத்துல இருக்கிற என் மகன்"னு சொன்னா ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அதனாலதான் இந்த வித்தியாசம் நம்ம கண்ணுல படவே மாட்டேங்குது. அன்னைல இருந்து பிரிண்ட் எடுத்ததும் பென்சில வச்சு ரெண்டு கமாவுக்கு நடுவுல இருக்கிறத மறைச்சுப் பாப்பேன். மறைச்சப்பறமும் யாரைச் சொல்றோம்னு தெளிவா இருந்தா கமா இருக்கட்டும், தெரியலைன்னா ரெண்டையும் எடுத்துரணும். ஒண்ண மட்டும் விட்டு வைக்கக் கூடாது, அது ஜோடியாத்தான் வரும்.

லிஸ்ட்ல கடைசி "அண்ட்", "ஆர்" முன்னாடி கமா வைக்கணுமான்னு கேப்பாங்க. அதுக்குப் பேரு ஆக்ஸ்ஃபோர்ட் கமா, நம்மூரு ஸ்கூல்ல வைக்க மாட்டாங்க, அமெரிக்காக்காரங்க புஸ்தகத்துல பெரும்பாலும் வைப்பாங்க. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓவர்டைம் சட்டத்துல எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கெடையாதுன்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு, அதோட கடைசியில "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்"னு, "ஆர்" முன்னாடி கமா இல்லாம இருந்துச்சு. கமா இருந்திருந்தா டிஸ்ட்ரிபியூஷன், அதாவது கொண்டுபோய்க் குடுக்குறது, லிஸ்ட்ல தனி வேலையா ஆயிருக்கும். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரிங்கற பால் கம்பெனி டிரைவருங்க, "இதுல சொல்லிருக்கிறது பேக்கிங் வேலைய மட்டும்தான், நாங்க பேக் பண்ணல, கொண்டுபோய்க் குடுக்குறோம், அதனால எங்களுக்கு ஓவர்டைம் உண்டு"ன்னு கேஸ் போட்டாங்க. 2017-ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் சொல்லிருச்சு, 2018-ல கம்பெனி 50 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணுச்சு. அதனால சாதா லெட்டர்ல உங்க இஷ்டம், பணம் சொத்து சம்பந்தப்பட்ட பேப்பர்னா வச்சிருங்கன்னுதான் சொல்வேன்.

நம்பர் விஷயம் ஒண்ணு. நமக்கு பத்து லட்சம்னா 10,00,000. வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு பேங்க் பேலன்ஸ் காட்டி லெட்டர் அனுப்புறப்ப 1,000,000னு போடுங்க, இல்லன்னா அங்க இருக்கிறவங்க கொழம்பிப் போவாங்க. தேதி நம்ம முறையில 15 ஆகஸ்ட் 1947னா கமா வேணாம், அமெரிக்க முறையில மாசம் முன்னாடி வந்து ஆகஸ்ட் 15, 1947னா வேணும்.

லெட்டர்ல "டியர் சார்"க்கு அப்புறம் கமா வச்சா "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி"க்கு அப்புறமும் வைங்க, மேல வைக்கலைன்னா கீழயும் வேணாம். அதுக்குக் கீழ கையெழுத்து.