தாடை ஆபரேஷன் செய்வதா வேண்டாமா: பயம் இருக்கும்போதே முடிவெடுப்பது எப்படி

தாடையை அறுவை சிகிச்சை செய்துதான் சரிசெய்ய முடியும் என்று பல் சீரமைப்பு மருத்துவர் சொன்னதும் பலரும் செய்கிற முதல் காரியம், ராத்திரி போனை எடுத்து, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் எடுத்த முகங்களாகத் தேடித்தேடிப் பார்ப்பது. வீங்கிப்போன கன்னம், கன்றிப்போன கழுத்து, மூக்கில் குழாய். இதையெல்லாம் பார்த்துவிட்டு எடுக்கிற முடிவு, செய்துகொள்கிறேன் என்றாலும் வேண்டாம் என்றாலும், பயம் எடுத்த முடிவாகத்தான் இருக்கும். இன்னும் சிலர் பயம் முழுசாகப் போகட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது போகாது. எலும்பை அறுத்து நகர்த்தப் போகிறார்கள், பயம் வரத்தான் செய்யும். அதை விரட்டப் பார்க்காமல் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள், முடிவு அங்கிருந்துதான் வரும்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "ஆபரேஷன் என்றால் பயம்" என்று எழுதினால் போதாது, எது பயம் என்று எழுத வேண்டும். மயக்கத்திலிருந்து எழாமல் போய்விடுவேனோ, வாயைக் கம்பியால் கட்டிவிட்டால் மூச்சு முட்டுமோ, உதடு மரத்தே போய்விடுமோ, கண்ணாடியில் வேறு யாரோ தெரிவாரோ, இவ்வளவு பாடுபட்ட பிறகு தாடை பழைய இடத்துக்கே திரும்பிவிடுமோ, இப்படி ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒன்று தெரியும். பாதி வரிகள் வெறும் தகவல் தெரியாததால் வந்தவை, சில வரிகளுக்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் உண்மையான ஆபத்துகள். அந்த ஒன்றிரண்டில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

தகவல் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறுவை நடப்பது வாய்க்குள்ளே, அதனால் முகத்தில் பொதுவாகத் தழும்பு இருக்காது (சில சமயம் ஸ்க்ரூ போட கன்னத்தில் மிகச் சின்னதாக ஒரு துளை போடுவார்கள்). மேல்தாடையைப் பல் வேர்களுக்கு மேலே கிடைமட்டமாகப் பிரித்து நகர்த்துவார்கள். இதை லெஃபோர்ட் 1 என்கிறார்கள், 1901-ல் முக எலும்பு முறிவுகளை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெஃபோர்ட்டின் பெயர் அது. கீழ்தாடையைக் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதி மற்றதன் மேல் சறுக்கி நகரும்படி செய்வார்கள். எலும்பு எலும்போடு அகலமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் நன்றாக ஒட்டுகிறது. இந்த முறையை டிரவுனர், ஒப்வெகெசர் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1957-ல் வெளியிட்டார்கள், அதற்கப்புறம் பலர் திருத்தி மெருகேற்றிவிட்டார்கள். நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்ற சந்தேகம் உங்கள் தாளில் இருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

வாயைக் கட்டிவிடுவார்கள் என்ற பயம் பழைய காலத்திலிருந்து வருவது. அப்போது எலும்பு ஒட்டும்வரை ஆறு வாரம் போல மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பியால் பிணைத்து வைப்பார்கள். இப்போது டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன, பற்களை வழிநடத்தப் பெரும்பாலும் ரப்பர் பேண்ட் மட்டும்தான். ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சில நேரங்களில் சில நாட்கள் இறுக்கமாகவே போட வேண்டியிருக்கும். மூச்சைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: மேல்தாடை ஆபரேஷன் என்றால் முதல் சில நாட்கள் மூக்கு அடைத்துக்கொள்ளும், மூக்கைச் சிந்தவும் விடமாட்டார்கள், வாய் வழியாக மூச்சு விட வேண்டியிருக்கும். மூச்சு போகும், ஆனால் முதல் ராத்திரி அதுதான் பதற்றம் தரும். தலையை உயர்த்திப் படுப்பது, மெதுவாக வாய்வழி மூச்சு விடுவது, இதை இப்போதே வீட்டில் பழகிப் பாருங்கள்.

வலியைப் பற்றிப் பயந்தவர்கள் பலர் பிறகு சொல்வது, எதிர்பார்த்த அளவு வலி இல்லை என்பதுதான். உணர்வு மரத்திருப்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் படுத்துவது வீக்கம், தூக்கமின்மை, எச்சில் வழிவது, பசி. முதலில் திரவ உணவு, பிறகு மெல்லவே தேவையில்லாத மிருதுவான உணவு என்று ஆறு வாரம் போல ஓட்ட வேண்டும், எடை குறையும்.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். கீழ்தாடை எலும்புக்குள்ளே ஒரு கால்வாய் போகிறது, அதற்குள் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு இருக்கிறது, எலும்பைப் பிளப்பதும் அதே இடத்தில்தான். அதனால் கீழ்தாடை ஆபரேஷன் முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்தப் பகுதி மரத்திருக்கும். வாரங்களில், மாதங்களில் படிப்படியாக உணர்வு திரும்பும், ஒரு வருடம்கூட ஆகலாம். சிலருக்கு ஒரு சிறு பகுதியில் முழுசாகத் திரும்பாமலே போகிறது, வயது கூடக் கூட அதற்கு வாய்ப்பு அதிகம். இதை மூடி மறைத்து யாராவது "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அந்த இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். அதே சமயம் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இது உணர்வு நரம்பு, அசைவு நரம்பு வேறு. உதடு அசையும், சிரிப்பு வரும், பேச்சு வரும். முகம் கோணிக்கொள்ளும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அசைவு நரம்பு பாதிக்கப்படுவது மிக அரிது.

இந்த ஒரு வரியோடு மட்டும் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள். கீழ்ப் பல்லுக்கு எப்போதாவது மரப்பு ஊசி போட்டிருந்தால், அந்த ஊசியின் வேகம் தணிந்துகொண்டு வரும் நேரத்து உணர்வை நினைத்துக்கொள்ளுங்கள். மோவாயில் ஒரு சின்ன வட்டத்தில் அது கடைசிவரை இருந்தால் உங்களால் வாழ முடியுமா? "இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒழுங்காகக் கடித்துச் சாப்பிட முடிந்தால் போதும்" என்று மனசு சொன்னால் அது ஒரு பதில். ஊதுகிற வாத்தியம் வாசிப்பவர் என்றாலோ, உதட்டின் நுண்ணுணர்வை நம்பித் தொழில் செய்பவர் என்றாலோ உங்கள் பதில் வேறாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை. மருத்துவரிடம் இப்படியே கேளுங்கள்: உங்களிடம் செய்துகொண்டவர்களில் ஒரு வருடத்துக்குப் பிறகும் எத்தனை பேருக்கு மரப்பு இருக்கிறது, அது அவர்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது, என் ஸ்கேனில் அந்த நரம்பு எங்கே ஓடுகிறது, காட்ட முடியுமா?

பயம் எப்போதும் ஆபரேஷனைப் பற்றியே பேசும், செய்யாமல் விட்டால் என்ன என்பதைப் பற்றிப் பேசாது. அதனால் இரண்டாவது தாள் ஒன்று வேண்டும். முன்பல்லால் எதையும் கடிக்க முடியவில்லையா, சில பற்கள் மட்டும் தேய்ந்துகொண்டே போகின்றனவா, உதடு சேராமல் வாய் வறண்டு போகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? கடைசியாகச் சொன்னது தூக்கப் பரிசோதனையில் உறுதியாகியிருந்தால் அது வலுவான காரணம், இரண்டு தாடைகளையும் முன்னால் கொண்டுவரும்போது நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுப்பாதை அகலமாகிறது. தாடை மூட்டு வலி மட்டும்தான் காரணம் என்றால் நிதானம் தேவை. சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, அதிகமாகிறவர்களும் உண்டு.

முகத் தோற்றத்துக்காகச் செய்துகொள்வதும் நியாயமான காரணம்தான், அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அந்த மாற்றம் உங்களுக்கு வேண்டுமா, இல்லை யாரோ சொன்ன ஒரு வார்த்தை உள்ளே தைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நாளில் பெரும்பகுதி கண்ணாடியைப் பற்றிய நினைப்பிலேயே போகிறது, மற்றவர்களுக்குத் தெரியாத குறை உங்களுக்கு மட்டும் பூதாகரமாகத் தெரிகிறது என்றால் முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அந்த வேதனையை எலும்பை நகர்த்தித் தீர்க்க முடியாது.

எப்போது முடிவெடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியாமல் போகிற விஷயம், எனக்கு இதில்தான் ரொம்ப அக்கறை. தாடைகள் பொருந்தாமல் இருக்கும்போது பற்கள் தாமாகவே சாய்ந்து அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொள்கின்றன. ஆபரேஷனுக்குத் தயார் செய்ய, கிளிப் போட்டு அந்தச் சாய்வை நிமிர்த்துவார்கள், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும், அந்தக் காலத்தில் பல் சேர்வது முன்பைவிட மோசமாகத் தெரியும். ஆபரேஷன் இல்லாமல் கிளிப் மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் அதே பற்களை இன்னும் சாய்ப்பார்கள். இரண்டும் நேர் எதிர்த் திசை. ஆகவே "கிளிப் போட்டுக்கொண்டே மெதுவாக யோசிக்கலாம்" என்பது சரியான யோசனை இல்லை. ஆபரேஷன் அன்று காலையில்கூட வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அப்போது பற்கள் பாதி வழியில் நிற்கும். யோசிக்கிற நேரத்தை எல்லாம் கிளிப்புக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இதில் அவசரம் எதுவும் இல்லை, வளர்ச்சி முடியும்வரை மருத்துவர்களே காத்திருக்கத்தான் சொல்வார்கள், கீழ்தாடை நீண்டுகொண்டு போகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் அதிகம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தாளையும் எடுத்துப் போங்கள், கூட ஒருவரையும் அழைத்துப் போங்கள். பதற்றத்தில் பாதி காதில் விழாது. ஆபரேஷன் இல்லாமல் என்னதான் செய்ய முடியும், அதில் எதுவரை சரியாகும், எந்தத் தாடையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தப் போகிறீர்கள், தாடை பழைய இடத்துக்குத் திரும்பிப் போக வாய்ப்பு எவ்வளவு, கடைசியாக உங்களிடம் ஒருவருக்குச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள், ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும், இதெல்லாம் கேளுங்கள். பதிலைவிட, கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். பொறுமையாக உட்கார்ந்து சொல்கிறவரிடம் பயம் தானாகக் கொஞ்சம் இறங்கும். இன்றைக்கே தேதி போட்டுவிடலாம் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்து இன்னொருவரைப் பாருங்கள். மயக்க மருந்துதான் உங்கள் பெரிய பயம் என்றால் மயக்க மருத்துவரையே முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் பிரச்சினை வந்ததா, நீங்கள் சாப்பிடும் மருந்துகள் என்ன என்பதை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். புகை பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள், புண் ஆறுவதையும் எலும்பு சேர்வதையும் அது கெடுக்கும்.

முகம் மாறிவிடும் என்ற பயத்துக்கு, கம்ப்யூட்டரில் காட்டும் படத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்பு எங்கே போகும் என்பதை நன்றாகத் திட்டமிட முடியும், மேலே உள்ள சதை எப்படி அமரும் என்பது ஓரளவு கணிப்புதான். மேல்தாடையை நகர்த்தினால் மூக்கின் அடிப்பகுதி கொஞ்சம் அகலமாகலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே தாடை இருந்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு வருடம் கழித்து எடுத்ததாகப் பார்த்து. வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி வடிந்து, மிச்சம் மாதக்கணக்கில் மெல்லக் குறையும் என்பதால் நடுவில் எடுத்த எந்தப் படமும் உங்களுக்குப் பதில் தராது. முடிந்தால் செய்துகொண்டு ஒரு வருடம் தாண்டிய ஒருவரிடமும், வேண்டாம் என்று முடிவு செய்த ஒருவரிடமும் பேசுங்கள். இரண்டாமவரை யாரும் தேடிப் போவதில்லை, அவரிடமும் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

முதல் இரண்டு வாரத்தில் "ஏன்டா இதைச் செய்துகொண்டோம்" என்று அழுகை வருவது சகஜம். பசி, தூக்கமின்மை, கண்ணாடியில் பழகாத முகம் எல்லாம் சேர்ந்து மனசைக் கீழே தள்ளும். இதை முன்பே வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் உங்களைவிட அவர்கள் அதிகம் கலங்கிப் போவார்கள். வாரங்கள் ஆகியும் மனம் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகும் ஊசலாட்டம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம் முழுக்க, செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டதாகவே நினைத்து நடமாடுங்கள், லீவு எப்போது போடுவது, யார் கூட இருப்பார்கள் என்று யோசியுங்கள். அடுத்த வாரம், வேண்டாம் என்று முடிவு செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாரத்தில் பயம் வந்தது என்று பார்க்க வேண்டாம், எந்த வாரத்தில் ஏமாற்றம் வந்தது என்று பாருங்கள். வேண்டாம் என்ற பக்கம் மனம் நின்றால் அதைச் சொல்லிவிட்டு, கிளிப் மட்டும் வைத்து என்ன செய்யலாம், பல் தேய்மானத்தையும் ஈறையும் எப்படிக் கவனிப்பது என்று கேளுங்கள், பின்னால் நினைப்பு மாறினால் மறுபடி வரலாம். வேண்டும் என்ற பக்கம் நின்றால், சம்மதப் படிவத்தை ஆபரேஷன் நாளுக்கு வெகு முன்னாலேயே கேட்டு வாங்கி வீட்டில் படியுங்கள், புரியாத வரிகளில் கோடு போட்டு வையுங்கள், அந்த வரிகளுக்குப் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.