ஏர் ஃப்ரையரில் ஏத்தங்காய் சிப்ஸ் கருகியது ஏன்?

மார்த்தாண்டம் சந்தையில் ஒரு சீப்பு ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) வாங்கி, டிஜிட்டல் ஏர் ஃப்ரையரில் சிப்ஸ் போட்டேன். ஓரம் கருகியது, நடு தோல் மாதிரி இழுபட்டது. மறுநாள் 200 டிகிரியில் வைத்தேன், இன்னும் கறுப்பு. அடுத்த நாள் தேங்காய் எண்ணெயைக் கூட்டினேன், புகைதான் வந்தது. 160க்கு இறக்கியும் ஐந்தாம் நாள் படுமோசம்.

அன்று காயைச் சீவும்போதுதான் கவனித்தேன்: கையில் கறை ஒட்டவே இல்லை. தோல் பச்சையாக இருந்தாலும் உள்ளே லேசாக மஞ்சளித்து, நுனியில் இனிப்பு. மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டிருந்தது. சர்க்கரைதான் சீக்கிரம் கருகும். நான் தினமும் சூட்டை மாற்ற, காயும் தினமும் மாறியிருக்கிறது!

கறை வடியும் புதுக்காய் வாங்கி, சீவி, மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டேன். அப்புறம் துணியில் ஈரம் போக ஒற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெய் புரட்டி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினேன். 160 டிகிரி, 15 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கல். காயக் காயச் சீவல் லேசாகி, விசிறிக் காற்றில் பறந்து மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்டும். அதனால் ஃப்ரையரோடு கூடவே வந்த ஸ்டீல் ஸ்டாண்டைச் சீவல்மேல் கவிழ்த்தேன். மொறுமொறுவென வந்தது. அப்பாடா!